குளிப்பதற்கு முன்

கபீர் மாமாவின் நோட்டுப் புத்தகத்தில் நூற்று நாற்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இடது கால், வலது கால், ஒவ்வொன்றிலும் ஆறு இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வெப்ப அளவு. நீல மையில் கோடு போட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி எழுதியிருப்பார். அந்தப் புத்தகத்தை நான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினேன். வேறு யாராவது இரண்டு நாள் அளக்காமல் விட்டுவிட்டு மழுப்பினால், பிடோக்கில் ஒரு மாமா இருக்கிறார், அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று குத்திக்காட்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் நஸீஹா. சிங்கப்பூரில் ஆராய்ச்சித் தாதி. சர்க்கரை நோயாளிகளின் காலில் புண் வராமல் தடுப்பதற்கான ஆய்வு எங்களுடையது. புண் வரப்போகும் இடம் சில நாள் முன்பே சூடாகத் தொடங்கும். நரம்பு செத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது. அதனால் ஆய்வில் சேர்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சிறிய தெர்மாமீட்டர் கொடுத்துத் தினமும் காலையில் பாதங்களை அளக்கச் சொல்வோம். இரண்டு காலிலும் ஒரே இடத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், நடப்பதைக் குறைத்துவிட்டு எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். மீதிப் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. கடைசியில் யாருக்குப் புண் குறைவு என்று பார்ப்போம்.

அஹமது கபீர் மாமா முப்பது வருடம் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடையில் நின்றவர். ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், நின்றபடியே வாழ்க்கை. ஒரு புண் வந்து இடது காலின் சுண்டுவிரல் போனதும் கடையை விட்டார். ஆய்வில் சேர்க்க அவர் வீட்டுக்குப் போனபோது, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"விரல் போனா போவுதும்மா. கால் வேணும். பள்ளிவாசல்ல எல்லாரோடயும் வரிசைல நின்னு தொழணும். என்னையப் பின்னாடி நாற்காலில உக்கார வச்சிடாதீங்க."

உட்கார வைக்க மாட்டோம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

தமிழ் பேசுகிறவர்கள் என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் இருந்த குறிப்புத் தாளைத் தமிழில் எழுதியதும் நான்தான். எழுந்ததும் அளக்கவும். காலுறை கூடாது. குளிப்பதற்கு முன் அளக்கவும். மாமா அதை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கி, எனக்கே திருப்பி ஒப்பித்தார். பத்துக்குப் பத்து என்றேன். அவர் மனைவி பரீதா மாமி பக்கத்தில் நின்று, இந்த மனுஷன் டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்கிறார் என்று கேலி செய்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மாமி போன் செய்தார். குளியலறைக்கு வெளியே போட்டிருந்த கால்மிதியில் ரத்தக் கறை. மாமாவுக்கு வலியே இல்லையாம். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது இடது பாதத்தின் அடியில் பிளந்திருந்தது, சீழ் எலும்புவரை போயிருந்தது. ஆறு நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஏழாம் நாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்படி ஒரு புண் ஒரே நாளில் வராது, சூடு முன்பே ஏறியிருக்கும். ஆனால் நோட்டில் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டவில்லை. மனுஷன் அளக்கவே இல்லை, உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார், நானும் அதை ஊர் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்று பொருமிக்கொண்டேதான் தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்க பிடோக்குக்குப் போனேன்.

கருவிக்கு நினைவகம் உண்டு. மாமியின் முன்னாலேயே பொத்தானை அழுத்தி நோட்டோடு ஒப்பிட்டேன். எண்ணுக்கு எண் சரியாக இருந்தது. மாமா ஒரு புள்ளியைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. நேரமும் தினம் ஒன்றுதான், விடியற்காலை சுபுஹு தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு.

எங்கே உட்கார்ந்து அளப்பார் என்று கேட்டேன். மாமி குளியலறை வாசலைக் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, சுவரில் ஒரு துண்டு, துண்டுக்குப் பக்கத்திலேயே தெர்மாமீட்டருக்கு ஓர் ஆணி.

"இங்கதாம்மா. ஒளு செஞ்சிட்டு வந்து உக்காருவாங்க, ஈரத்தைத் துடைச்சதும் அளந்துடுவாங்க. அப்புறம் தொழுதுட்டு, வெயில் வந்தப்புறம்தான் குளியல். குளிக்கிறதுக்கு முந்தி அளக்கணும்னு நீதானே சொன்ன?"

தொழுகைக்கு முன் கை, வாய், முகம் கழுவி, கடைசியில் இரண்டு பாதங்களையும் கணுக்கால்வரை கழுவுவதுதான் ஒளு. விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு பாதங்களையும் விரலிடுக்குவரை தேய்த்துக் கழுவிவிட்டு அளந்தால், எந்தச் சூட்டைத் தெர்மாமீட்டர் காட்டும்? நூற்று நாற்பத்தொரு நாளும் அது பாதத்தை அளக்கவில்லை, தண்ணீரைத்தான் அளந்திருக்கிறது. நானும் தினம் ஐந்து வேளை ஒளு செய்கிறவள். அந்தத் தாளை எழுதிய அன்றும் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு நொடிகூட எனக்கு அது தோன்றவில்லை.

நடந்ததை ஒரு படிவத்தில் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பங்கேற்பாளரின் தவறு, கருவிக் கோளாறு, ஊழியரின் தவறு. ஆய்வை நடத்தும் டாக்டர் ரித்திக் நல்ல மனிதர். தாளில் எழுந்ததும் அளக்கவும் என்று இருக்கிறது, அவர் எழுந்ததும் அளக்கவில்லை, முதல் கட்டத்திலேயே போடுங்கள் என்றார். என் பேனா அந்தக் கட்டத்துக்குப் போனது என்பதையும் மறைக்கப்போவதில்லை. பிறகு மூன்றாவதில் போட்டேன். அன்றே, தெர்மாமீட்டர் வைத்திருக்கும் மற்ற முஸ்லிம்கள் எல்லாரையும் போனில் கூப்பிட்டேன். இருபத்து மூன்று பேரில் பதினொரு பேர் கழுவிய காலைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் பிற்பகல் வார்டுக்குப் போனேன். மாமி துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் பாதியில் படிந்தும் இருந்தது. சலாம் சொல்லிவிட்டு, வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சரியாகத்தான் செய்தார், நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்றேன்.

மாமா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "நீயும் ஒளு செய்றவதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அதான். நமக்கு அது கழுவுறதாவே தெரியாது."

திட்டியிருந்தால் தேவலை. மற்றவர்களைப் பற்றிக் கேட்டார். பதினொரு பேர் என்றேன். அவர்களுக்குச் சொல்லியாயிற்றா, தாளை மாற்றியாயிற்றா என்று விசாரித்தார். இரண்டும் ஆயிற்று என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது.

"அப்ப எனக்கும் அந்த தெர்மாமீட்டர திருப்பிக் குடும்மா. இந்தக் காலையாவது ஒழுங்கா அளக்குறேன். ஒளுவுக்கு முந்தி."

இந்த ஆய்வை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இதை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை.

"ஒத்தக் கால அளக்க முடியாது மாமா. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு கால் வேணும்."

மாமா வலது காலைப் போர்வைக்கு வெளியே எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகியிருந்தது. ஒளு செய்ய ஒரு பிளாஸ்டிக் பேசினும், ஒரு ஜக்கில் தண்ணீரும் கொண்டுவந்தேன். நான் ஊற்ற, அவர் கழுவினார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கைவரை, தலைக்கு ஈரக்கை. பேசினை இறக்கி வலது பாதத்துக்குக் கீழே வைத்தேன். குனிய முடியாமல் காலை மடக்கி இழுத்து, சுண்டுவிரலை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு, அவசரமில்லாமல் கழுவினார்.

முடித்ததும் இடது பக்கம் கையை நீட்டினார். நானும் ஜக்கை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தேன்.

தண்ணீர் விரிப்பில் விழுந்து பரவியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கை அங்கேயே நின்றது.

"படுக்கை நனைஞ்சிடுச்சும்மா," என்றார் மாமா. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்ன அன்றுகூட அழாதவர், அதைச் சொல்லும்போது அழுதார்.