ஜெயகௌரி காத்திருந்தபோது

ஜெயகௌரி காத்திருந்தால் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பால் பொங்காது. விளிம்புவரை நுரைத்து வந்து அப்படியே நிற்கும். வீதியில் பேருந்து நிற்கும், சுவர்க்கடிகாரம் நிற்கும், கொடியில் காயப்போட்ட சட்டை காற்றில் கையை நீட்டியபடி நிற்கும். மனிதர்களில் சிலர் நின்றுவிடுவார்கள், சிலர் நிற்கமாட்டார்கள். அது ஏன் என்று ஒருவரும் ஆராயவில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்ததில் அவளுக்கு முற்றிப்போன பழக்கம் அது. அங்கே அவளுடைய கோப்பு நகராமல் கிடந்ததற்கும் அவளேதான் காரணம் என்று கணவன் றமணன் பகிடி பண்ணுவான்.

விசா கிடைத்தபின் மோர்டனில் பெற்றோல் செட் ஒன்றில் காசு வாங்கும் வேலை பார்த்தாள். பிறகு பேச்சுச் சிகிச்சை உதவியாளராகத் தற்காலிக வேலை கிடைத்தது. உதவியாளருக்கென்று இந்த நாட்டில் தனி உரிமம் கிடையாது. ஆனால் பதிவுபெற்ற சிகிச்சையாளர் ஒருவர் அவளுடைய ஒவ்வொரு திறமையையும் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்தாயிற்று, ஒன்றைத் தவிர: கேள்வியைக் கேட்டுவிட்டு, சொல்லை எடுத்துக் கொடுக்காமல், நோயாளியின் வாயிலிருந்து அது வரும்வரை காத்திருப்பது. மார்கழிக்குள் அதுவும் விழாவிட்டால் திரும்பவும் பெற்றோல் செட்தான்.

பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவள் சுவர்ணா, லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நோயாளி தவராசா, முன்பு மீன்கடை வைத்திருந்தவர்; பாரிசவாதம் வந்து பேச்சை இழந்தவர். முதல் நாள் ஜெயகௌரி அவருக்கு முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்து, "அண்ணை, தேத்தண்ணிக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வெளியே பேருந்து நின்றது. குறிப்பெடுக்கக் குனிந்த சுவர்ணா பேனையும் கையுமாக அப்படியே நின்றுபோனாள். தவராசாவின் மனைவி பிரியந்தி மட்டும் நிற்கவில்லை. "அவருக்கு ஒண்டும் வேண்டாம், வெறுந் தேத்தண்ணிதான்" என்றாள். அதோடு காத்திருப்பு உடைந்தது. சுவர்ணா நிமிர்ந்து, "அன்ரி, இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லையா?" என்று கேட்டாள். அவள் தாள் வெறுமையாகவே இருந்தது. அடுத்த முறையும் அதே கேள்வி, அதே வெறுந் தேத்தண்ணி, அதே வெறுந்தாள்.

கார்த்திகை முடியும்போது மூவரும் மறுபடி தவராசாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மார்கழி விடுமுறைக்குமுன் அதுதான் கடைசி வருகை. ஜெயகௌரி கேட்டாள், காத்திருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்த பிரியந்தி, கணவரின் கீழுதடு மெல்ல அசைவதைக் கண்டாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுத்ததில்லை. ஆனால் உதடு அசையும்வரை தன் வாயை மூடியிருந்ததும் இல்லை. இப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்பையின் ஆவி மேலே போகாமல் நின்றது. தவராசா மூச்சை இழுத்து, "சீனி" என்றார்.

"சீனியோ? அப்ப இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் குடிச்சனீங்கள்?" என்று கேட்டாள் பிரியந்தி.

தவராசா அவளைப் பார்த்த பார்வையில் பிரியந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. தாளில் குனிந்தபடி நின்றுபோயிருந்த சுவர்ணா நிமிர்ந்தாள். "ஓகே அன்ரி, ஸ்டார்ட் பண்ணுங்கோ."

ஜெயகௌரிக்குப் பெற்றோல் மணமே மூக்கில் அடித்தது. ஆனால் பிரியந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ணாவிடம், "பிள்ளை, நீ பேப்பரைப் பாத்துப் பாத்துப் பேப்பரோடையே நிண்டுபோறாய். பேனையை வை. நான் பாக்கிற மாதிரி இவரின்ரை முகத்தைப் பார்" என்றாள். சுவர்ணா பேனையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு சீனி, அண்ணை?"

கடிகாரம் நின்றது, பேருந்து நின்றது, மேசையில் பேனை உருளப்போய் நின்றது. சுவர்ணா நிற்கவில்லை. தவராசாவின் உதடு கூடுவதையும், பிரிவதையும், மறுபடி கூடுவதையும் முழுவதும் பார்த்தாள்.

"ரெண்டு கரண்டி," என்றார் தவராசா.

கடைசிக் கையெழுத்தும் விழுந்தது; சான்றிதழ் தை பிறக்குமுன் வந்தது. றமணன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான். இப்போது காலைகளில் பேருந்து நடுவீதியில் நின்றால் ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை. "ஆரோ கதைக்கப் போகினம்" என்று சொல்லிக்கொண்டு, பழகியவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஓட்டுநரும் கண்ணாடியை விட்டுப் பயணிகள் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சீனி வாங்கப் போகும் பிரியந்தி, இந்த இடைவேளையில் அந்தப் பேருந்தில் பாதிப் பேரோடு பழக்கமாகிவிட்டாள். சற்று நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் பால் பொங்கும், பேருந்து புறப்படும்.