தூணில்லாக் கூரை

இதனால் சகல பேருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்: மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் தொட்டுத் தலைக்கு மேல் ஒரு கூரைக்காகப் பட்டுவந்த பாடெல்லாம் 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு முடிவுக்கு வருகிறது. அன்றைய தினம் ஆவடி–பூந்தமல்லி சாலையில் உள்ள கஜபதி பொறியியல் கல்லூரி வளாகத்தில், உமிச்சாம்பலால் ஆன, தூணே இல்லாத, உலகின் முதல் கூரையை டெல்லியிலிருந்து வரும் மாபெரும் விஞ்ஞானி திறந்து வைப்பார். அனைவரும் வருக.

கல்லூரி வாசலில் கட்டியிருந்த துணி விளம்பரம் அப்படித்தான் சொன்னது. உமிச்சாம்பல் எப்படி ஆராய்ச்சிக்குள் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. தாளாளர் கஜபதிக்கு பட்டாபிராம் பக்கம் ஓர் அரிசி ஆலை இருந்தது. ஆலைக்குப் பின்னால் சாம்பல் மலையாகக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் பக்கத்துத் தெரு முழுக்கத் திருநீறு பூசிக்கொள்ளும். தெருக்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். கஜபதி யோசித்தார். சிவில் துறைத் தலைவர் பக்தவத்சலத்தைக் கூப்பிட்டு, சாம்பலை வைத்து ஏதாவது கண்டுபிடியுங்கள் என்றார். சிமென்டுக்குப் பதில் சாம்பல் கலந்த காங்கிரீட்டைப் பக்தவத்சலம் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை நிரூபிக்கும் வேலை இறுதியாண்டு மாணவர்கள் ஆறு பேரிடம் வந்தது. அந்த ஆறு பேரில் கையெழுத்து நன்றாக இருந்தது கஸ்தூரிக்கு.

ஆய்வுக்கூடத்தில் காங்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. வந்து மூன்று வருடமாகிறது. அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் இன்னும் வரவில்லை. ஆகவே அதற்கு ஆயுதபூஜை அன்று பொட்டு வைப்பதோடு சரி. அதற்காகச் சோதனைகள் நின்றுவிடவில்லை. போன வருடத்து ரெக்கார்டு நோட்டை வாங்கி, கடைசி விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். அங்கங்கே ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்தால் உண்மை மாதிரி இருக்கும். வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்த பன்னிரண்டு சாம்பல் கட்டிகளுக்கும் கஸ்தூரி அப்படித்தான் வலிமை எழுதினாள். முழுச் சிமென்ட் கட்டிக்குப் போன வருடத்து அண்ணன்கள் எழுதிய வலிமை அது. அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த ரீடிங் டெல்லிக்குப் போனது. டெல்லி மெச்சியது. மார்ச் மூன்றாம் தேதி நாற்பதடிக்கு முப்பதடி, மூன்று அங்குலக் கனத்தில், சுற்றுச்சுவர்கள் மேல் கூரை போட்டார்கள். சவுக்குக் கம்புகள் காடு மாதிரி கீழே முட்டுக்கொடுத்து நின்றன.

நான்கு நாள் கழித்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனபோதுதான் கஸ்தூரி அந்தக் கட்டிகளை மறுபடி பார்த்தாள். இரண்டு மாதமாக நீரில் ஊறியவை. இந்நேரம் கருங்கல்லாக இறுகியிருக்க வேண்டும். ஒன்றைத் தூக்கினாள். டீயில் நனைத்த ரஸ்க்கைப் போல மூலை அவள் கையோடு வந்தது. இரண்டாவதைத் தூக்கினாள். அது பாதியாகப் பிளந்தது. மூன்றாவதை அவள் தொடவில்லை.

பஷீருதீனிடம் காட்டினாள். பூந்தமல்லிக்காரன், அதே குழுவில் இருந்தவன். அவன் தூளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, நாலு வருடமாக எழுதாத பொய்யா, இன்றைக்கென்ன புதிதாகப் பயம் என்று கேட்டான்.

"நாலு வருசமா பேப்பர்ல எய்தினோம். இப்பத்தான் அது தலைக்கு மேல வந்து நிக்குது" என்றாள் கஸ்தூரி.

அவன் விரலில் ஒட்டிய தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

விழாவுக்கு முந்நூறு நாற்காலி அந்தக் கூரைக்கு அடியில். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அவள் அப்பா, மகள் செய்த கூரை என்று சேக்காட்டில் பாதித் தெருவை அழைத்திருந்தார். இரண்டாவது வரிசையில் தனக்கு இடம் சொல்லி வைத்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார்.

பக்தவத்சலத்தின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். முட்டுகளை எடுக்கவே கூடாது, ரீடிங் அத்தனையும் பொய் என்றாள். அவர் கதவைச் சாத்தினார்.

"பொய்யின்னு எழுதிக் குடுத்தா ஆறு பேருக்கும் டிகிரி கிடையாது. ஒன்ன மட்டும் இல்ல, அந்தப் பசங்களையும் சேத்துதான் முடிப்பே. எழுதிக் குடுக்கிறியாம்மா?"

"கூரை விழுந்துட்டா சார்?"

"எப்படி விழும்? ரிப்போர்ட் டெல்லிக்குப் போயாச்சு. இனிமே கூரைதான் ரிப்போர்ட் சொல்றபடி நடந்துக்கணும்."

சொல்லும்போது அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. தன் அறைச் சுவரில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்தது. அந்த அறையும் அவர் மேற்பார்வையில் கட்டியதுதான்.

பதின்மூன்றாம் தேதி பிற்பகல் மேஸ்திரி துலுக்கானம் முட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார். ஓரத்து வரிசை போனதும் மேலே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ விரல் சொடுக்கியது போல. துலுக்கானம் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து பீடி பற்ற வைத்தார்.

"இன்னா பாப்பா, உங்க கூரை பேசுது. நான் பிரிச்சிட்டு ஊட்டுக்குப் பூடுவேன். நீங்கதான் நாளைக்கு கீய குந்திக்கினு கை தட்டணும்."

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். நடுவே முடி அகலத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. காலையில் அது இல்லை. அந்த நேரத்தில்தான் டெம்போவில் விழாவுக்கான வாழைமரங்கள் வந்து இறங்கின.

"அண்ணாத்தே, நடுவுல நாலு எடத்துல மட்டும் பிரிக்காதீங்க. எடத்துக்கு மூணு மூணு கம்பா சேத்துக் கட்டுங்க. மேல வாழைமரத்த சுத்திடலாம். குத்துவெளக்குக்கு மணவறை மாதிரி ஜோடிச்சதா சொல்லிக்கிறேன்."

துலுக்கானம் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. பஷீருதீன் கலர்த் தாளும் மாவிலையும் ஒட்டினான். பார்க்க யாரோ கல்யாணம் கட்டிக்கொள்ளப் போவது மாதிரி இருந்தது.

காலையில் முதலில் வந்தவர் பக்தவத்சலம். வாழைமரத்தைச் சுற்றி வந்தார். அடியில் பட்டைக்கு நடுவே சவுக்கு முனை தெரிந்தது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தன் பெயர் ஒட்டிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மரத்தை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

விஞ்ஞானி வந்தார். நடு மண்டபத்தில் எதற்கு வாழைமரம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐயாயிரம் ஆண்டுத் தமிழ்ப் பண்பாடு என்று கஜபதி பதில் சொன்னார். விளக்கேற்றும்போது மேலிருந்து ஒரு பொட்டுச் சாம்பல் உதிர்ந்து சுடர் படபடத்தது. கஸ்தூரி அப்பாவைப் பார்த்தாள். அவர் சரியாக அந்தக் கோட்டுக்கு அடியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவருக்குக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கஜபதி முக்கால் மணி நேரம் பேசினார். தூண் என்பது அடிமைத்தனத்தின் சின்னம் என்றார். ஒவ்வொரு கைதட்டலுக்கும் மேலிருந்து கொஞ்சம் தூள் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் தட்டிவிட்டுக்கொண்டார்கள். பிறகு எழுதி வைத்திருந்த பேச்சில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நம்ம மாணவக் கண்மணிகள் இருபத்தஞ்சு பேர் இப்போ இந்தக் கூரை மேல ஏறி நிக்கப் போறாங்க. இதான் நம்ம அத்தாட்சி."

யாரும் கஸ்தூரியைக் கேட்கவில்லை. ஏணி வைத்தாகிவிட்டது. ஏறுகிறவர்களில் பஷீருதீனும் இருந்தான். ஏணியில் கால் வைத்தவன் அவளைப் பார்த்து, மெதுவாக நடங்கடா என்று மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. பக்தவத்சலம் தனக்கு டெலிபோன் வந்திருப்பதாக முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார். கல்லூரியின் ஒரே டெலிபோன் கஜபதியின் அறையில் பூட்டிக் கிடந்தது. அவர் எதிர்த்திசையில் இருந்த வேப்பமரத்தை நோக்கிப் போனார்.

மேலே காலடிகள் கேட்டன. ஐம்பது செருப்புகள். கஸ்தூரி எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். ஓடிப்போகச் சொல்லிக் கத்தினால் முந்நூறு பேர் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். மேலே இருப்பவர்கள் இறங்க ஓடுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

டக்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் மேலே பார்த்தது. புகைப்படக்காரரின் ஃபிளாஷ் வெடித்ததாக நினைத்துக் கஜபதி சிரித்தார். நான்கு வாழைமரங்களும் ஒரே நேரத்தில் லேசாகப் புடைத்தன. பட்டைகளுக்கு நடுவிலிருந்து சாறு கசிந்து, கலர்த் தாளை நனைத்து, சிமென்ட் தரையில் கோடாக ஓடி, இரண்டாவது வரிசையில் அப்பாவின் செருப்பைத் தொட்டு நின்றது.

"எவ்வளவு இளசான மரங்கள்" என்றார் விஞ்ஞானி.

கூரை நின்றது. பையன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கேசரியும் காராபூந்தியும் வந்தன.

விஞ்ஞானி பாராட்டுப் பத்திரம் அனுப்பினார். கஸ்தூரி முதல் வகுப்பில் தேறினாள்; ரீடிங்குகள் அபாரம் என்று பக்தவத்சலம் குறிப்பு எழுதினார். வாழைமரங்கள் வாடிக் கறுத்து, ஈ மொய்க்கக் கிடந்தன. அவிழ்க்க வந்த பந்தல்காரரைப் பக்தவத்சலமே ஓடிவந்து தடுத்தார். அடுத்த வாரம் துலுக்கானத்தைக் கூப்பிட்டு, கம்புகளைச் சுற்றிச் செங்கல் வைத்துப் பூசச் சொன்னார். அலங்காரத்துக்கு என்று கோப்பில் எழுதினார்.

தூணில்லாக் கூரைக்கு இன்றைக்கு நான்கு தூண்கள்.