தம்பி கொடுத்த ரத்தம்

லிப்ட் மெக்கானிக் தன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கூடத்தில் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவனுடைய தம்பி.

கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியதும் மெக்கானிக்கின் மருத்துவக் காப்பீடு போய்விட்டது. சொந்தமாக எடுக்கப் போனால் இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கையை விரித்தார்கள். அவனுக்கு இருந்தது அபூர்வமான சர்க்கரை நோய். பிறவியிலேயே மரபணுக் கோளாறு. சர்க்கரை எப்போதும் கொஞ்சம் கூடுதலாக நிற்குமே தவிர, மேலே ஏறாது. மாத்திரைகூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விண்ணப்பத்திலோ முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டே கட்டம். இவன் கதையைக் கேட்க யாருக்குப் பொறுமை?

"மூணாவது இடத்துல சர்க்கரையே இல்லைன்னு எழுதுண்ணே. ரத்தம் எடுக்க வீட்டுக்குத்தானே வர்றாங்க? நான் உக்காந்துக்கறேன். கல்லு மாதிரி இருக்கேன்" என்று யோசனை சொன்னவன் தம்பிதான்.

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், தம்பி நீட்டிய அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது.

"போட்டோவுல மீசை இருக்கே?"

"போன மாசம் எடுத்துட்டேன். இவளுக்குப் பிடிக்கலை."

பக்கத்தில் நின்ற அண்ணியைத் தம்பி 'இவள்' என்றது வாழ்க்கையிலேயே முதல் தடவை. அவள் தரையைப் பார்த்தாள்.

"பிறந்த தேதி?"

பாவி, தன் தேதியைச் சொல்லித் தொலைக்கப் போகிறான் என்று மெக்கானிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தான். நல்லவேளை, தம்பி சரியாகவே சொன்னான்.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு.

"மாட்டிக்கிட்டோம்டா" என்று மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்தான்.

தம்பி வாங்கிப் படித்தான். "மாட்டலைண்ணே. வெறும் வயித்துல சர்க்கரை நூத்தி இருபத்தெட்டாம்." கடிதத்தை மறுபடி பார்த்தான். "இது என் ரத்தமாச்சே?"

கூடப் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். தம்பியை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று மெக்கானிக் அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

"உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்டா."

"சொல்லியிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது." தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பரிசோதனையில் தம்பிக்கும் அதே கோளாறுதான் என்று உறுதியானது. இது எப்படிப்பட்ட நோய் என்று டாக்டர் இருவருக்கும் விவரமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாலாவது கம்பெனிக்கு மெக்கானிக் ஒன்று விடாமல் எழுதினான், மூன்றாவது இடத்தில் தம்பியை உட்கார வைத்தது உட்பட. "எழுதாதீங்க, இதோட எல்லாம் போச்சு" என்று மனைவி கையைப் பிடித்தாள். அவன் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனி அதிகாரி போனில் கூப்பிட்டார். அரைமணி நேரம் குடைந்தெடுத்தார். கடைசியில், "சர்க்கரை சம்பந்தமான எதுக்கும் மூணு வருஷம் பணம் வராது. மத்ததுக்கு எடுத்துக்கறோம். சம்மதமா?" என்றார்.

"சம்மதம் சார்."

போனை வைத்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணுக்கு இந்த டெஸ்டை எப்ப எடுக்கறது?" என்றாள்.

அவன் அப்போதே டாக்டரின் எண்ணைத் தேடினான்.