அக்குறணையில் மைனஸ் நாற்பது

கண்ணாமூச்சி ஆடும் கோளாறுகளை ஃபாஸிலுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. உடைந்தது உடைந்தே கிடந்தால் அதற்கொரு மரியாதை உண்டு. டாக்டரைக் கண்டதும் ஓடிவிடும் காய்ச்சலைப் போல, மெக்கானிக் தலை தெரிந்ததும் நல்ல பிள்ளையாகிவிடுகிற வண்டியை என்ன செய்வது? மஹ்மூத் ஹாஜியாரின் கார் அந்த ரகம். அதன் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வீட்டு முற்றத்தில் காலையிலிருந்து குனிந்து நின்றதில் அவனுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது.

ஹாஜியார் மௌத்தாகி, அடக்கம் முடிந்து அதிக நாளாகவில்லை. அவர் மனைவி றம்ஸியா இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. முன்வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது. காரைக் கராஜுக்குக் கொண்டுவர இந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், மகள் நுஸ்ஹா. அவளோ சாவியைத் தொடவே மறுத்துவிட்டாள். வத்தேகமப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் பிள்ளை, இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

அன்றைக்குக் காரை ஓட்டியது அவள்தான். வாப்பாவுக்கு நெஞ்சு வலி. பின் ஆசனத்தில் கிடத்திக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி ஏற்றத்தில் கார் இருமியது, கறுப்புப் புகை கக்கியது, நின்றது. மறுபடி எடுத்தால் கொஞ்சம் போகும், மறுபடி நிற்கும். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது ஹாஜியார் உயிரோடு இல்லை. மையித்து வீட்டுக்கு வந்த சனம் சும்மா இருக்குமா? “பொம்புளப் புள்ள பதறி கிளட்ச்ச உட்டீக்கி” என்று தேத்தண்ணிக் கோப்பையோடு பேசிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“நானா, எனக்கு இத மட்டும் சொல்லுங்க,” என்று ஃபாஸிலை அண்ணன் முறை வைத்துக் கேட்டிருந்தாள் நுஸ்ஹா, முதல் நாளே. “என்ட பிழையா, காருட பிழையா?”

காரின் கணினி ஒரு பழைய குறையை ஞாபகம் வைத்திருந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்க விரல் நுனியளவில் ஒரு சென்சர் இருக்கிறது. அதன் வயர் அறுந்தால் கணினிக்கு வெளியே மைனஸ் நாற்பது டிகிரி என்றுதான் தெரியும். பாவம், அக்குறணையில் அப்படியொரு குளிர் அடிக்காது என்று அதற்கு யார் சொல்வது? நம்பிப் பெற்றோலை அள்ளி ஊற்றும். எஞ்சின் மூச்சுத் திணறும். ஃபாஸில் சென்சரை மாற்றிப் பார்த்தான். எஞ்சின் பக்கத்து வயர்களையெல்லாம் பிடித்து உலுக்கிப் பார்த்தான். தனியே ஓட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஏறியும் பார்த்தான். சூட்டு வாசிப்பு முப்பது டிகிரியை விட்டு அசையவில்லை.

“இது முந்தியும் இப்படிச் செஞ்சதா?” என்று நுஸ்ஹாவைத்தான் கேட்டான். பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“செய்யும் மகன். அவர் தனியப் போனா ஒருநாளும் செய்யாது. நான் ஏறினாத்தான். ‘ஒங்களக் கண்டா இதுக்கு வெக்கம்’னு சொல்லிச் சிரிப்பார். அண்டைக்கும் நான் முன் சீட்டுலதானே ஈந்த. பின்னுக்குத் திரும்பி, அவருட கையப் புடிச்சிக்கிட்டே போன.”

அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினானே தவிர ஃபாஸிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, வாசிப்புக் காட்டும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்தான். குறடு பின் ஆசனத்தில் கிடந்தது. உடம்பை முறுக்கித் திரும்பிக் கையை நீட்டினான். எட்டவில்லை. முன்தரையில் காலை ஊன்றி இன்னும் எக்கினான்.

எஞ்சின் இருமியது.

மடியைப் பார்த்தான். மைனஸ் நாற்பது. காலை எடுத்தான், முப்பது. ஊன்றினான், மைனஸ் நாற்பது. வெயில் முற்றத்தைச் சுட்டுக்கொண்டிருக்க அவனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து அவன் காலையே பார்ப்பது போலிருந்தது. ஃபாஸில் பயந்துபோனான், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ரப்பர் மேட்டை உருவி மதிலில் போட்டுவிட்டுக் கம்பளத்தைக் கிளப்பினான். கணினிக்குப் போகும் வயர்க்கட்டு அங்கேதான் ஓடியது. ஒரு வயரின் மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்திருந்தது. மேலே அழுத்தினால் விலகும், விட்டால் தொட்டுக்கொள்ளும். ஏற்றத்தில், பயத்தில், பின்னால் கிடந்தவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு றம்ஸியாவின் கால் இந்த இடத்தை எவ்வளவு அழுத்தியிருக்கும்! ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றினான். சின்ன வேலைதான்.

நுஸ்ஹா வாசற்படியில் வந்து நின்றாள்.

“காருட பிழைதான் தங்கச்சி,” என்றான். “எஞ்சின் பக்கம் வயர எலி கடிச்சீக்கி. அதுதான் உட்டு உட்டு வேல செஞ்சது. அண்டைக்கி யார் ஓட்டினாலும் நிண்டுதான் ஈக்கும்.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். மையித்து வீட்டில்கூட அவள் அழவில்லை என்று ஊர் பேசியது ஃபாஸிலுக்கு ஞாபகம் வந்தது. பிறகு எழுந்து முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். பொய்தான், ஆனால் நல்ல இடத்தில் போய் விழுந்த பொய் என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

“மகன்.”

திரை அசையவில்லை.

“சொல்லுங்க மாமி.”

“எலி கடிச்சது எஞ்சின்ல எண்டா, நான் கால் வைக்கிற மேட்ட ஏன் மதில்ல போட்டீக்கி?”

ஃபாஸில் அவசரமாக அந்த ரப்பர் மேட்டை மதிலிலிருந்து இழுத்து, காரின் முன்தரையில் பழையபடி விரித்தான். பத்து வருஷமாக வாகனக்காரர்களுக்குக் கதை சொல்லிப் பழகியவனை அந்த அவசரமே காட்டிக்கொடுத்துவிட்டது. உள்ளே நீளமாக ஒரு மூச்சு போவது கேட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“எலிதான் மகன்,” என்றது குரல் கடைசியில், மெதுவாக. “யார் கேட்டாலும் எலிண்டே சொல்லுங்க. அவ கேட்டாலும்.”

கிணற்றடியிலிருந்து நுஸ்ஹா திரும்பி வந்தாள்.

“நுஸ்ஹா,” என்று உள்ளிருந்து கூப்பிட்டார் றம்ஸியா. இப்போது அது வேறு குரல், வீட்டை நடத்துகிறவளின் குரல். “காரை எடுத்து மேல் ரோட்டு வரைக்கும் ஒருக்காப் போய்ட்டு வா புள்ள. நான் சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஈக்கிறேன்.”

நுஸ்ஹா பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினாள். ஃபாஸில் வழிவிட்டு மதிலோரம் ஒதுங்கினான். கார் முற்றத்தைத் தாண்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. இருமல் இல்லை, புகை இல்லை. பெண் நன்றாகத்தான் ஓட்டினாள்.

கார் ஏறுவதை அவன் பார்க்கவில்லை. வாசலில், திரை தரையைத் தொடாமல் நின்ற இடைவெளியில், ஒரு கால் தெரிந்தது. எஞ்சின் சத்தம் மேலே ஏற ஏற அந்தக் கால் விரல்கள் வெளுக்க, சிமெந்துத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.