கௌரம்மா பேசாமல் இருந்த நாட்கள்

…தண்ணி என்றுதான் சொல்லப்போகிறார், வாய் திறக்கும் முன்பே நாக்கு மேல்பல்லில் போய் ஒட்டிக்கொண்டதை யூனிஸ் பார்த்துவிட்டாள், ஆனால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இந்த வேலையில் பாதி இப்படிச் சும்மா இருப்பதுதான், அதுதான் கஷ்டமும். குழாய்ப் படம் போட்ட அட்டை மேஜை மேல் கிடக்கிறது, சத்தம் வேண்டாம் என்று மின்விசிறியை அணைத்திருக்கிறாள், வெளியே அரசு ஆஸ்பத்திரிக்கே உரிய அந்த இரைச்சல், டோக்கன் கூப்பிடும் குரல், யாரோ சக்கர நாற்காலியை இழுக்கிறார்கள்… தண்ணி, என்றார் சந்திரசேகரன். சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டவர்போல அட்டையைப் பார்த்தார். நல்லாச் சொன்னீங்கண்ணா, என்றாள். மல்லேஸ்வரத்தில் ஒரு பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர், பக்கவாதம் வந்து அடுப்பு முன்னாலேயே விழுந்தாராம், வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது, பேச்சு மொத்தமும் போய், பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வருகிறது, வருவதெல்லாம் தமிழ். முப்பது வருஷமாகக் காலையிலிருந்து ராத்திரி வரை கன்னடம் பேசிய மனிதர், அதில் ஒரு சொல் வரவில்லை, நீரு என்று வரவில்லை, தண்ணி என்று வருகிறது. மூளைக்குள் எது எங்கே இருக்கிறதோ, எது முதலில் எழுந்து வருமோ, படித்ததை வைத்து ஏதோ சொல்லலாம், அதற்கு மேல் யாருக்குத் தெரியும்…

பக்கத்து நாற்காலியில் கௌரம்மா. துமகூர்ப் பக்கத்துப் பெண்மணி, இவரைக் கட்டிக்கொண்டதற்கு இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை, அவருடைய தர்மபுரிச் சொந்தம் யாரும் வாசல் மிதித்ததில்லை, அதனால் தமிழும் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரிக்கிறாள், கணவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் முகத்தை அல்ல, யூனிஸ் முகத்தைப் பார்க்கிறாள், சரியாகச் சொன்னாரா என்று. இப்போதைக்குத் தமிழ் ஒன்றே போதும், இரண்டையும் கலந்தால் குழம்பிப்போவார், வீட்டிலும் கன்னடம் வேண்டாம் என்று யூனிஸ்தான் சொன்னாள், போன மாதம்… எவ்வளவு சுலபமாகச் சொன்னோம், கையெழுத்துப் போடுவதுபோல. சரி மேடம் என்று கௌரம்மா தலையாட்டினாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. இவரிடம் தமிழ் பேசுவது எப்படிச் சுகமாக இருக்கிறது, சோத்துக்கு சோறு என்று, அடுப்புக்கு அடுப்பு என்று, அப்பா இருந்தவரைக்கும் இப்படித்தான், சில்வெஸ்டர் வாத்தியார், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ரோட்டில் ஒவ்வொரு கடைக்காரனையும் தமிழில் நலம் விசாரித்துக்கொண்டே வருவார், போன பெப்ரவரியில் அவரோடு அதுவும் போயிற்று, வீட்டில் கணவர் டேரில் கொங்கணிக்காரர், மகள் லீனாவுக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், பூனையிடம்கூட இங்கிலீஷ்தான்… சரி, அட்டை, அட்டையைப் பார்.

அட்டை போதும் என்று ஒதுக்கிவிட்டு, வீட்ல நேத்து என்ன பேசிக்கிட்டீங்க, என்று கேட்டாள், ஒரு வாக்கியத்துக்கு வரட்டும் என்றுதான். அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு, அவ… பேசல, என்றார். சொல் மாறிவிட்டது என்று நினைத்தாள், நான் என்பதற்கு அவ என்று வரும், இவர்களுக்கு அது சகஜம், யார் பேசல, நீங்களா என்று திருத்தினாள். அவருக்குக் கோபம் வந்தது. நல்லாயிருக்கும் இடது கையைத் தூக்கி, கௌரம்மாவின் வாயைக் காட்டினார், விரல் நுனி அவள் உதட்டில் பட்டது. “அவ. பேசறதே… இல்ல.” இவ்வளவு நாளில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் என்பது யூனிஸுக்கு உடனே உறைக்கவில்லை. கௌரம்மாவிடம் கன்னடத்தில் கேட்டாள், வீட்டில் இவரோடு பேசுவதில்லையா என்று. அந்த அம்மாள் கைப்பை வாரை விட்டுவிட்டாள். “நீவே ஹேளித்ரல்லா மேடம், கன்னட பேடா அந்த,” என்றாள், குரலில் புகார் எதுவும் இல்லை, நீங்கள்தானே சொன்னீர்கள் கன்னடம் வேண்டாமென்று, எனக்குத் தமிழ் வராதே. அதனால் வாயைத் திறப்பதில்லையாம். தட்டை முன்னால் வைத்துவிட்டு நிற்பாளாம். டி.வி. சீரியலைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்க்கிறாளாம், மகளோடு போனில் பேசவேண்டுமென்றால் மாடிப்படிக்குப் போய்விடுவாளாம், அவர் காதில் கன்னடம் விழுந்து கெட்டுவிடக் கூடாதென்று. ஒரு மாதம்… அவர் அந்த ஊமை வீட்டில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார், நோயாளியாகிவிட்டதால் வெறுத்துவிட்டாள் என்றா, தான் செவிடாகவும் ஆகிவிட்டோம் என்றா?

யூனிஸ் தன் நாற்காலியைக் கௌரம்மா பக்கம் திருப்பிப் போட்டாள். நான் சொன்னது தப்பும்மா, என்றாள் கன்னடத்தில், அவரிடமும் தமிழில் அதையே சொன்னாள், உங்க மேல கோவமில்லண்ணா, நாந்தான் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவர் மனைவி பக்கம் திரும்பினார். கன்னடத்திலேயே பேசுங்கள் அம்மா, இப்போதே, எதையாவது, என்று கௌரம்மாவிடம் சொன்னாள் யூனிஸ். குழம்பமாட்டாரா என்று கேட்டாள், குழம்பட்டும் என்றாள் யூனிஸ். கௌரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், பரீட்சைக்கு நிற்பவள் போலத் தொண்டையைச் செருமினாள், தண்ணீர் லாரி ரெண்டு நாளாக வரவில்லை என்று ஆரம்பித்தாள், முதலில் மெதுவாக, பிறகு வேகம் கூடியது, பேக்கரிப் பையன்கள் போனில் விசாரித்தார்கள், மகளுக்கு மறுபடி முதுகுவலி, எதிர்வீட்டு ராஜலக்ஷ்மி குக்கரை வாங்கிப்போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை, ஒரு மாதப் பேச்சும் அடியில் தேங்கிக்கிடந்ததுபோல வந்தது, நடுவில் அழுகை வந்தது, அதற்காக நிறுத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், புரிந்ததா, எவ்வளவு புரிந்தது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும், யூனிஸ் சோதிக்கவில்லை. “குடுக்க மாட்டா,” என்றார் அவர். யூனிஸ் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் கௌரம்மா திரும்பிவிட்டாள். “கொட்தாளே, கொட்தாளே, யாக்கெ கொடல்லா?” கொடுப்பாள், ஏன் கொடுக்கமாட்டாள்… அவர் இல்லை என்று தலையாட்டினார், அவள் கொடுப்பாள் என்று சாதித்தாள், ஒரு குக்கருக்காக இரண்டு மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், இருவருமே யூனிஸைப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபிறகு விசிறியைப் போட்டாள். சந்தோஷப்படவேண்டிய நேரம், இல்லையா, முழு வாக்கியம், வாக்குவாதம்கூட… ஆனால் ஏன் தமிழ் என்று சொன்னோம்? அதுதான் முதலில் வந்தது, அதனால். வந்ததை வளர்க்க வேண்டும், சரிதான், அதற்காகக் கன்னடம் வேண்டாம் என்று எந்தப் புத்தகம் சொன்னது? வீட்டில் அந்த அம்மாள் என்ன செய்வாள் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாமே. அவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை என்றால் காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுகிறாய், ஏன் இவ்வளவு அவசரம் என்று டேரில்கூடக் கேட்டார், சந்திரசேகரனுக்கு மட்டும் நேரம் கூடப் போகிறது, வெளியே ஆட்கள் முனகுகிறார்கள்… நோயாளிக்காகத்தானா? அவர் தமிழ் பேசியதைக் கேட்க யாருக்கு வேண்டியிருந்தது? கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம்பெண் வந்தாள், இடுப்பில் காது கேட்காத குழந்தை, ஈஜிபுராவிலிருந்து வருகிறோம் என்றாள் தெலுங்கு வாடையடிக்கும் கன்னடத்தில், குழந்தை மேஜை மேலிருந்த குழாய்ப் படத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. உட்காரச் சொன்னாள் யூனிஸ். யாரிடமும் முதலில் கேட்கும் கேள்விதான், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், கேட்டும்விட்டாள், அந்தப் பெண் பதில் சொல்ல ஆரம்பித்தும்விட்டாள், ஆனால் அந்தக் கேள்வி தன்னிடமே திரும்பி வந்து நின்றதில் பதில் காதில் விழாமல், இன்னொரு தடவை சொல்லும்மா, சரியாகக் கேட்கவில்லை, என்றாள்.