ரசமட்டம் கட்டிய வான்கோழிக் கொட்டகை

அடுத்தவன் கட்டிய சுவரில் கோணல் கண்டுபிடித்தே ஆயுசு முழுக்கச் சம்பளம் வாங்கிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு தன் கையால் ஒன்றைக் கட்டப்போகிறேன் என்று கிளம்பினால் கட்டிய பெண்டாட்டி என்னதான் செய்வாள்? தலையில் அடித்துக்கொள்வாள். தையல்காரம்மா அதைத்தான் செய்தாள்.

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கட்டட அனுமதி ஆபீசில் இருந்தவரைக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் அந்த மரக்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிவார். எந்த வீட்டு வாசலில் வைத்தாலும் குமிழி நடுவில் நிற்காது, நின்றாலும் அவர் விடமாட்டார். அவர் தன் வாழ்நாளில் ஒரு செங்கல்லை இன்னொரு செங்கல்மேல் வைத்ததில்லை. வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றால் கூட அவள்தான் தையல் மிஷினை விட்டு எழுந்து வர வேண்டும்.

வான்கோழிகள் மகளும் மருமகனும் ஆசையாக வளர்த்தவை. ஒரு சேவல், மூன்று பெட்டை. அவர்கள் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, வளர்க்க இடமில்லாமல் இங்கே பின்கட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தெருநாய் ஒன்று உள்ளே புகுந்து ஒரு பெட்டையைக் கவ்விக்கொண்டு போனது. அடுத்த நாளே மருமகன் வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், கை வேலைக்காரர். சாப்பிட உட்கார்ந்தபடியே, "மாமா, என்கிட்ட இரும்புச் சட்டம் கிடக்கு. ஒரே நாள்ல கொட்டகை போட்டுத் தர்றேன்" என்றார்.

நல்ல பேச்சுத்தானே? சரி என்று சொல்ல வாய் வலிக்குமா? ரசமட்டம் என்ன சொன்னார் தெரியுமா?

"என் வீட்டு வேலையை வெளியாள் வந்து பார்க்கணும்னு இன்னும் எனக்குத் தலையெழுத்து இல்ல."

வெளியாள்! பெண்ணைக் கொடுத்த வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து! மருமகன் எழுந்தார். பாதித் தட்டோடு கை கழுவிவிட்டுப் போனவர்தான், அதன்பிறகு வாசல்படி மிதிக்கவே இல்லை. மகள் மட்டும் எப்போதாவது பறவைகளைப் பார்க்கிற சாக்கில் வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவிடுவாள். அந்தச் சாக்காவது மிஞ்சியதே என்றுதான் தையல்காரம்மா அந்தப் பறவைகளுக்குத் தீனி வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, நாற்றமும் கத்தலும் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

வாய் விட்டாயிற்று, இனி கட்டியே ஆக வேண்டும். அடேயப்பா, அந்தக் கட்டுமானத்தைப் பார்க்கணுமே! லாரியில் சரக்கு ஏற்றும் பலகைத் தட்டுகள், பழைய பீரோக் கதவு, கம்பிவலை, தகரம் என்று பின்கட்டு முழுக்கச் சாமான் குவிந்தது. வரைபடம் போடுவதிலேயே பல வாரம் போனது. ஓர் ஆணி அடிப்பார், ரசமட்டம் வைப்பார், குமிழி நகரும், ஆணியைப் பிடுங்குவார். மழையில் நனைந்த பலகையில் குமிழி பார்த்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்து, எதிர்வீட்டுக் குழந்தை கூடச் சிரித்தது.

சேவலுக்கு அவள் வைத்த பேர் மேனேஜர். அதன் நடைக்கும் மிடுக்குக்கும் வேறு பேர் பொருந்தாது. மேனேஜர் அவள் கையில் தானியம் கொத்திக்கொண்டிருந்தபோது, ரசமட்டம் டேப்பைப் பிடித்து அதன் அகலம் அளந்தார். அந்த அளவுக்குக் கச்சிதமாகக் கதவு வைத்தார். இடம் விட்டால் காற்றடிக்குமாம்.

"என்னங்க, ஒரு சட்டைக்கு அளவெடுத்தாலே கையைத் தூக்கச் சொல்லி, மூச்சு விடச் சொல்லி அளப்பேன். இது இறக்கையை மடக்கிட்டுத் தின்னுட்டு இருக்கு. விரிச்சா?"

"நீ துணியைப் பாரு. கட்டடம் உனக்குத் தெரியாது."

கட்டி முடித்த முதல் நாள் சாயங்காலம் அவர் கொட்டகை வாசலில் கைகட்டி நின்றார். மேனேஜர் வந்தது. அவரைப் பார்த்தது. உடனே வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசி, தலையெல்லாம் சிவந்து, உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு, பெருங்குரலில் கத்திவிட்டு, கதவில் இடித்துத் திரும்பியது. பெட்டைகள் இரண்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அது வரவில்லை என்றதும் வெளியே வந்துவிட்டன.

அவர் கதவை அகலமாக அறுத்தார். மறுநாள் நின்றார். மறுபடி உப்பல், மறுபடி கத்தல். இன்னும் அறுத்தார். கடைசியில் கொட்டகையில் கதவு பாதி, சுவர் பாதி என்றாயிற்று, தட்டினால் ஆடியது. மேனேஜரோ அரண்மனை வாசலே வைத்தாலும் நுழைய மாட்டேன் என்று நின்றது. ராத்திரிக்கு அதைப் பெரிய கூடையால் கவிழ்த்து, மேலே கல் வைத்து மூடினாள் அவள். இத்தனை அட்டகாசமும் போய், கூடைக்குள் குடித்தனம்.

இந்த லட்சணத்தில்தான் மகள் போன் செய்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவர் கேட்டுக்கு வெளியதான் நிப்பார். கொட்டகை சரியில்லன்னா மூணையும் ஏத்திட்டு வந்து தெரிஞ்சவங்க பண்ணையில விட்டுடலாம்ங்கிறார்."

தையல்காரம்மா போனை வைத்தாள். பறவைகள் போனால் சாக்கும் போயிற்று. பிறகு இந்த மனிதரின் வீம்பையும் ரசமட்டத்தையும் பார்க்கவா அந்தப் பெண் வரப்போகிறாள்?

சனிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறை ஜன்னலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரசமட்டம் வழக்கம்போலக் கொட்டகை முன்னால் காவல் நின்றார். யாரோ கூப்பிட்டார்கள் என்று முன்வாசலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் மேனேஜர் உப்பியதெல்லாம் இறங்கி, சாதுவாக, ஒரு சந்தடி இல்லாமல் கொட்டகைக்குள் கால் வைத்தது. பாதி உடம்பு உள்ளே போயிருக்கும், அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். அது பின்வாங்கி வெளியே வந்து, மறுபடி விரித்துக்கொண்டு நின்றது.

அவள் கையில் வெங்காயத்தோடு வெளியே வந்தாள்.

"கதவுல ஒண்ணும் இல்லீங்க. நீங்க நிக்கிறீங்கல்ல, அதான்."

"என்னைப் பார்த்து ஒரு கோழி பயப்படுதா?"

"பயமா? நெனப்புதான். அது உங்களை இன்னொரு சேவல்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. நீங்களும் அப்படித்தான் நிக்கிறீங்க."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. தாராளமாக இருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது பைக் வந்தது. பின்னால் கம்பிக்கூண்டு கட்டியிருந்தது. மகள் இறங்கி உள்ளே வந்தாள். மருமகன் இறங்கவில்லை, இன்ஜினைக் கூட அணைக்கவில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே, வீட்டுப் பக்கச் சந்து வழியாகத் தெரிந்த கொட்டகையைப் பார்த்தார்.

கொட்டகை முன்னால் ரசமட்டம், சலவைச் சட்டை போட்டு, கையில் அந்தக் கட்டையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர் முன்னால் மேனேஜர், வாலை விரித்து, அதே நெஞ்சோடு. கேட்டில் இன்னொருவர், விறைப்பாக. மூன்று பேர்! யார் முதலில் தணிவது என்று போட்டி. தையல்காரம்மாவுக்குச் சீ என்று ஆகிவிட்டது.

விறுவிறுவென்று போய்ப் புருஷனின் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க இப்படி."

"எங்க? அவர் பார்த்துட்டு இருக்கார்…"

"அதனாலதான். நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்கு என் பொண்ணு இந்த வீட்ல ராத்தங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? இன்னிக்கு அவ போயிட்டா, அப்புறம் உங்க கொட்டகையிலயே நீங்க படுத்துக்கலாம். வாங்க."

அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் அவர் கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் அவரைச் சுவரோடு நிறுத்தினாள். "நான் கூப்பிடற வரைக்கும் இங்கிருந்து அசையக்கூடாது."

எதிரே யாருமில்லை என்றதும் மேனேஜர் இரண்டு சுற்றுச் சுற்றியது. வால் மடங்கியது. தலையைக் குனிந்து, பெரிய மனுஷன் கிழிசல் சட்டையோடு வீடு திரும்புகிற மாதிரி, பேசாமல் உள்ளே போய்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தது. பெட்டைகள் பின்னாலேயே போயின. அவள் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு தையல்காரம்மா கேட்டுக்குப் போனாள்.

"மாப்பிள்ளை, வண்டியை அணைங்க."

"இருக்கட்டும் அத்தை. மாமா எங்க?"

"அவர் இங்க இல்ல. உள்ள வாங்க."

மருமகன் சந்து வழியாக எட்டிப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்த மரக்கட்டையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"கொட்டகை ஆடுது போலிருக்கே அத்தை. காலையில ரெண்டு சட்டம் கொண்டாந்து முட்டுக் கொடுக்கறேன்."

"காலையிலதானே? அப்ப ராத்திரி இங்கதான் தங்கணும்."

அவர் செருப்பைக் கழற்றினார். மகள் முன்னால் ஓடிப் பாய் எடுத்தாள்.

எல்லோருக்கும் தட்டு வைத்துவிட்டு, தையல்காரம்மா பின்கட்டுக் கதவைத் திறந்தாள். இருட்டில் கொசு அடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணும் ஒளிஞ்சிக்கல" என்றார் ரசமட்டம், மெதுவாக. "தொட்டி கசியுதான்னு பார்த்துட்டு இருக்கேன்."

"நல்லா பாருங்க. மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கசியும்."

கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "அந்தக் கட்டையைக் குடுங்க. காலையில மாப்பிள்ளை கொடுக்கிற முட்டுல நீங்க குமிழி பார்க்க வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.