கந்தப்பா விலாஸ் ஐயர்

ஹட்டன் கடைவீதியில் வடிவேல் பிள்ளையின் ஜவுளிக்கடைக்குச் சாயங்காலம் சேலை எடுக்க வருகிறவர்களைவிட, மூடிப்போன சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள்தான் அதிகம். மழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். சேலை வாங்க வந்தவளும் பேச்சைக் கேட்டுவிட்டு, வாய் ஊறி, வாங்காமலே போய்விடுவாள்.

ஒருவர் ஸ்டேஷன் ரோட்டு நாயர் கடை ஆப்பத்தில் தொடங்குவார். இன்னொருவர் ராவுத்தர் கடைக் குழம்புக்குத் தாவுவார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு இந்தியாக்காரர்களுக்கென்று புதுச்சட்டங்களும் வந்து, பெர்மிட் கிடைக்காத முதலாளிமார் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். நாயர் கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் பழுது பார்க்கிறார்கள். ராவுத்தர் கடையில் சிமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறது. கடைகள் போனாலும் நாக்குகள் போகவில்லை, அதுதான் சிக்கல்.

எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்று, பேச்சு கடைசியில் கந்தப்பா விலாஸில் வந்து நிற்கும். அங்கே வந்ததும் மற்றவர்களைப் பேசவிட மாட்டார் பிள்ளை.

"சாம்பாராய்யா அது? தெருமுனையில வரும்போதே கூப்பிடும்யா! அந்த ஐயரு கை இருக்கே, தங்கக்காப்பு போடணும் அந்தக் கைக்கு. ஒரு தடவ உள்ள எட்டிப் பாத்துட்டேன். செவசெவன்னு ஒடம்பு, கட்டுக்குடுமி, காதுல கடுக்கன். பாத்த ஒடனே கும்பிடத் தோணிச்சு."

கடை இறவாரத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்கு ஒதுங்கியவர்போல ஒரு மனிதர் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். கறுத்த உடம்பு. வழுக்கைத் தலை. காதில் கடுக்கன் இல்லை, துளைகூட இல்லை. பெயர் சோலைமலை. பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் ஏனம் கழுவுகிறவர். பிள்ளை சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் அந்தச் சாம்பாரை வைத்தவர் அவர்தான்.

ஐயர் என்று ஒருவர் இருந்தது உண்மைதான். ஒரே ஒரு மழைக்காலம். ஹட்டன் குளிரில் கைகால் விறைத்துப்போய், "ஆளை விடுங்கோ" என்று ஒரு விடியற்காலை ரயிலேறிவிட்டார். அப்போது சோலைமலை அந்தக் கடையின் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த இளவட்டம். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, கொழுந்துக் கணக்கில் பேர் பதிவதற்குள் டவுனுக்கு ஓடிவந்தவர். ஐயர் அடுப்புக்கு விறகு தள்ளித் தள்ளியே அவர் கைப்பக்குவத்தைக் கண்ணால் திருடியிருந்தார். கந்தப்ப முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு, "நான் வச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். முதலாளி ஒரு கரண்டி ருசி பார்த்தார். உடனே எழுந்து பின்கட்டுக் கதவைத் தாழிட்டார்.

தாழிட்டதற்குக் காரணம் உண்டு. சோலைமலையின் சாதிக்காரர்களுக்கு அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. வெளியே நின்று சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகவேண்டும். அந்தக் கை வைத்த சாம்பார் என்று வெளியே தெரிந்தால் கடைவீதி முழுக்க வாந்தி எடுக்கும். ஆகவே ஐயர் ஊருக்குப் போகவேயில்லை என்று முதலாளி முடிவு செய்தார். ஐயர் மடி பார்க்கிறவர், உள்ளே யாரும் வரக்கூடாது. ஐயர் கோபக்காரர், யாரோடும் பேசமாட்டார். சுவரில் வாளி நுழைகிற அளவு ஒரு துவாரம். அதன் வழியாகச் சாம்பார் வாளி முன்னால் போகும், காலி வாளி பின்னால் வரும்.

"ஐயரே, இன்னிக்கு அமிர்தம்!" என்று யாராவது துவாரத்தைப் பார்த்துக் கத்துவார்கள். சோலைமலை உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். குரல் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அத்தனை வருஷமும் அந்த அடுப்படியில் ஊமையாகவே இருந்தார். கடை மூடியாயிற்று. முதலாளியும் ஊருக்குப் போன மறுவருஷம் காலமாகிவிட்டார். ஐயர் மட்டும் பிள்ளையின் கடையில் நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லி சோலைமலைக்கு ஓலை வந்தது. உலக யுத்தத்துக்கு முன்னாலிருந்தே இந்த நாட்டை விட்டு அசையாமல் இருந்ததற்குச் சாட்சி வேண்டும். பிரஜாவுரிமைக்கு அவர் போட்ட மனுவில்தான் மனைவி பேச்சியம்மா பெயரும் ஒட்டியிருந்தது. டிக்கோயாவில் கொழுந்து பறிக்கிறவள். மனு தள்ளுபடியானால் இரண்டு பேருக்கும் இந்த மண்ணில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணால் காணாத ஓர் ஊருக்குப் போ என்று எப்போது வேண்டுமானாலும் கையைக் காட்டுவார்கள்.

தோட்டத்தில் இருந்தவனுக்குத் தோட்டத்துக் கணக்கு இருக்கும். சோலைமலைக்கு இருந்ததெல்லாம் ஒரு மூடிய கடை. அதை நினைவில் வைத்திருக்கிற பெரிய மனிதர் பிள்ளை ஒருவர்தான். போய்க் கேட்டார்.

"கந்தப்பா விலாஸ்ல பின்கட்டுல வேல செஞ்சேங்கய்யா. ஒரு வார்த்த வந்து சொன்னீங்கன்னா..."

"அட, நம்ம கந்தப்பா விலாஸா! மொதல்லயே சொல்லக்கூடாதா? அந்தக் கடைக்காக எமன் கச்சேரிக்குக்கூட சாட்சி சொல்ல வருவேன்யா!"

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அன்றிரவு பேச்சியம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்.

"இந்தா பாருங்க. கேட்டா வெறகு பொளந்தேன்னு மட்டும் சொல்லுங்க. சமையக்கட்டுப் பேச்சே எடுக்காதீங்க."

"கவர்மெண்டு முன்னால சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லவா?"

"அதுவும் நெசந்தானே? பொளந்தீங்கதானே?"

"தங்கக்காப்பு போடணும்ங்கிறாரு பேச்சி. தங்கமா கேக்கப்போறேன்? இவந்தான்னு ஒரு வார்த்த. அதக்கூடச் சொல்லமாட்டாரா?"

அவள் அடுப்பைத்தான் பார்த்தாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக இறவாரத்தில் நின்று தன் புகழை இன்னொருவன் பேரில் கேட்டவருக்கு, ஒரே ஒரு தடவையாவது அது தன் பேரில் கேட்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

விசாரணைக் கந்தோர் என்கிற ஆபீஸ் ஒரு பழைய வீட்டின் முன்னறை. பேச்சியம்மாவும் அன்றைய கொழுந்து வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். விசாரித்த சிங்கள அதிகாரி கெட்டவர் இல்லை. காலையிலிருந்து ஆட்களைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர். பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர்.

"கடையில் என்ன வேலை செய்தாய்?"

"சமையலுங்க மாத்தயா."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பட்டுக்கரை வேட்டியும் விபூதியுமாக வந்தார் பிள்ளை. அவர் கடைப் பேச்சுக் கூட்டாளிகள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்கள்.

கந்தப்பா விலாஸ் என்றதும் பிள்ளை மழை பொழிந்துவிட்டார். கடை எந்த வருஷம் திறந்தது, யார் யார் வந்து சாப்பிட்டார்கள், வடை எப்படிக் கடிபடும், சாம்பார் எப்படி மணக்கும், எல்லாம். எடுத்துச் சொல்ல வந்தவர் நடுவில் எச்சில் விழுங்கினார். அதிகாரியே சிரித்துவிட்டார். சோலைமலைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்லது. அப்படியானால் அங்கே சமைத்தவர் இவர்தானே?"

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "இவனா? நல்லாக் கேட்டீங்க போங்க! சமையல் ஐயருங்க. நான் கண்ணால பாத்திருக்கேனே."

அதிகாரி சோலைமலையைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

சமைத்தவர் தான்தான் என்பதற்குச் சோலைமலையிடம் ஒரே ஓர் அத்தாட்சி இருந்தது. அதை அவர் பாசமாகத்தான் எடுத்து நீட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

"ஐயா, ஒங்களுக்கு வெள்ளிக்கிழமை வெரதம். ஒரு வேளதான் சாப்பாடு. வெங்காயம் ஆகாது. ஒங்களுக்குன்னு தனியா ஒரு சின்னச் சட்டியில வச்சு, துணியால மூடி, வேற கை படாம வாளிக்கு முன்னால அனுப்பி விடுவேனுங்களே. நெனப்பு இருக்குங்களா? அந்தச் சட்டிய நாந்தாங்கய்யா வச்சேன்."

பிள்ளையின் முகத்தில் விபூதி மட்டும் தெரிந்தது. முருகனுக்கு நேர்ந்து, தலைமுழுகி, பட்டினி கிடந்து, வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாய்க்குப் போன முதல் கவளம் அது. வாசலில் நின்ற கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மெதுவாகத் தெருப்பக்கம் திரும்பித் துப்பினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளையும் சின்ன வயதில் படித்திருப்பார். உப்பைத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயரு வச்சது," என்றார் பிள்ளை. "குடுமியோட, கடுக்கனோட, இந்தக் கண்ணால பாத்தேன். முருகன் மேல சத்தியம்." அப்புறம் என்ன நினைத்தாரோ, சோலைமலையை ஒரு கெஞ்சல் பார்வை பார்த்தார். "பின்கட்டுல வெறகு பொளக்க ஓர் ஆளு இருந்தான் மாத்தயா. அது வேணா இவனா இருக்கலாம். இவன்தான். இவனேதான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தன்னால் இறங்கிவர முடிந்த கடைசிப் படிவரைக்கும் இறங்கி வந்துவிட்டார். பிடித்துக்கொள் என்று நீட்டுகிறார். சோலைமலை வெளியே பார்த்தார். தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா நின்றாள்.

"ஆமாங்க மாத்தயா," என்றார். "வெறகுதான் பொளந்தேன்."

அதிகாரி எழுதப்போனவர் நிறுத்தினார். ஒரு தாளைப் பின்னால் புரட்டினார்.

"சற்று முன்னால் சமையல் என்றாய். இப்போது விறகு என்கிறாய். எது பொய்?"

"ரெண்டும் நெசங்க."

"ஐயர்?"

சோலைமலை இரண்டு வழியையும் எண்ணிப் பார்த்தார். ஐயர் ஒரே மழைக்காலத்தோடு போய்விட்டார் என்றால், சத்தியம் பண்ணிய பிள்ளை பொய்யர். பொய்யர் சொன்ன சாட்சி செல்லாது. ஐயர்தான் கடைசிவரை சமைத்தார் என்றால் தானே பொய்யன். எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர். எடுத்துச் சொல்ல வந்தவர், "சொல்லப்பா, சொல்லு," என்று தமிழில் மெதுவாகத் தூண்டினார். சொல்ல என்ன இருக்கிறது? அத்தனை வருஷமும் அந்தக் கடையில் அவர் குரலைக்கூட ஒருவரும் கேட்டதில்லை. இல்லாத ஐயரை ஊரே பார்த்திருந்தது. இருந்த மனிதரைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு நாதியில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். வசித்தது நிரூபணமாகவில்லை, மனுவை ஏற்க முடியாது என்றார். சொல்லும்போது அவரும் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டாளிகள் போய்விட்டார்கள். பிள்ளை மட்டும் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"நான் என்னப்பா செய்வேன்? முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாய்யா?"

பிள்ளை போகவில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

"சோலைமலை. அந்த வெள்ளிக்கிழமைச் சட்டி... நெசமாவே நீதானா?"

சோலைமலை அவரைப் பார்த்தார். கேட்கவேண்டும் என்று இத்தனை வருஷமாக ஏங்கிய கேள்வி. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லீங்கய்யா," என்றார். "பயத்துல ஒளறிட்டேன். நான் வெறகு தள்ளும்போது பாத்திருக்கேன். ஐயருதான் வப்பாரு."

"அதானே!" பிள்ளை நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டார். "அந்தக் கைமணம் வேற யாருக்கு வரும்?" குடையை விரித்துக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்தார். நடையில் அவருடைய பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

பேச்சியம்மா தூணை விட்டு வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் டிக்கோயா ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். தான் போர்த்தியிருந்த கம்பளியை இழுத்து அவர் தோளிலும் போட்டுவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? எல்லாந்தான் போயிருச்சே. இனிமே அவருக்கு எதுக்கு நாம பயப்படணும்?"

"பயமில்ல பேச்சி." அவர் நின்றார். "கடையும் இல்ல. மொதலாளியும் இல்ல. நாமளும் இங்க எத்தன நாளைக்குன்னு தெரியாது. அந்தச் சாம்பாரப் பத்திப் பேச இந்த ஊர்ல அவரு ஒருத்தருதான் மிச்சம். அவரும் தீட்டுன்னு வாயக் கழுவிட்டாருன்னா?"